உள்ளதை அளந்து கொடு

கண்ணு,

புது லேப்டாப் வேண்டும் என்று அப்பாவிடம் எடுத்துச் சொல்லும்படி எனக்கு எழுதியிருந்தாய். உன்னிடம் இருப்பது 4 ஜிபி ரேம், இரண்டு கோர் பிராசசர், சுழலும் ஹார்டு டிஸ்க். அதில் விண்டோஸ் 10, அதற்குள் விர்ச்சுவல்பாக்ஸ், அதற்குள் ஆய்வக வகுப்புக்கான லினக்ஸ். அந்த விர்ச்சுவல் மெஷினை, அதாவது விஎம்மை, திறந்தால் மவுஸ்கூட நகர மாட்டேன் என்கிறது என்றாய். எல்லாம் சரி, எது பற்றவில்லை என்று மட்டும் எழுதவில்லையே? ரேம் பற்றவில்லையா, டிஸ்க் திணறுகிறதா, பிராசசர் போதவில்லையா? "பழைய மெஷின் தாத்தா, அதான்" என்பது காரணம் ஆகாது.

கம்ப்யூட்டர் சென்டர்களில் வேலை பார்த்த காலத்தில் நான் அதிகம் கேட்ட பேச்சு, "சிஸ்டம் ஸ்லோ" என்பதுதான். சொல்ல வந்தவர்களில் அளந்து பார்த்துவிட்டு வந்தவர்கள் குறைவு. அளக்காமல் வாங்கிய புது மெஷினும் கொஞ்ச நாளில் அதே பேச்சுக்கு வந்து நிற்கும். பழையதைத் திணறவைத்த பழக்கம் புதியதற்கும் கூடவே வந்துவிடும் அல்லவா? அதனால்தான் செலவைப் பற்றிப் பேசுவதற்கு முன் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

வகுப்பில் மற்றவர்கள் முன்னால் அந்த லேப்டாப்பைத் திறக்கக் கூச்சமாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தாய். அதற்கு முதலில் பதில் சொல்கிறேன். விர்ச்சுவல் மெஷின் என்ற யோசனை வசதியான இடத்தில் பிறக்கவில்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ஐபிஎம் நடத்திய அறிவியல் மையத்தில், ராபர்ட் கிரீசி தலைமையில் ஒரு சிறு குழு 1960-களின் நடுவில் சிபி-40 என்ற அமைப்பை எழுதியது. அவர்களுக்குக் கிடைத்தது சிஸ்டம்/360 வரிசையில் மாடல் 40 கணினி ஒன்று. அதன் நினைவகம் 256 கேபி. 1967 ஜனவரியில் அது புழக்கத்துக்கு வந்தபோது ஒரே சமயத்தில் 14 விஎம்கள் வரை அதில் ஓடின. ஒவ்வொரு விஎம்மும் 256 கேபி முழுவதும் தனக்கே இருப்பதாக நினைத்துக்கொண்டு ஓடியது. நீ கூச்சப்படுகிற லேப்டாப்பின் ரேம் அதைப்போல் 16,384 மடங்கு. ஒரு கணினியை ஒருவரே வைத்துக்கொள்ள முடியாத விலையில் இருந்த காலம் அது. பலர் பகிர்ந்துகொள்ள வேண்டிய கட்டாயம்தான் அவர்களை யோசிக்க வைத்தது. பற்றாக்குறையில் வேலை பழகியவர்கள் கட்டிய வீட்டுக்குள்தான் இன்றைய பெரிய டேட்டா சென்டர்கள் குடியிருக்கின்றன.

எப்படி முடிந்தது என்று கேட்பாய். ஒரு புரோகிராம் எந்தக் கணத்திலும் தன் நினைவகம் முழுவதையும் தொடுவதில்லை. பக்கங்கள் எனப்படும் நினைவகத் துண்டுகளில் அண்மையில் தொட்ட சிலவற்றைத்தான் திரும்பத் திரும்பத் தொடுகிறது. அவை ரேமில் இருந்தால் போதும், மற்றவை டிஸ்க்கில் காத்திருக்கலாம். எம்ஐடியில் ஆராய்ச்சி செய்த பீட்டர் டென்னிங் 1968-ல் இதை ஒழுங்காக வரையறுத்து எழுதினார். அந்தப் பக்கங்களின் தொகுப்புக்கு அவர் வைத்த பெயர் வொர்க்கிங் செட். ஓடுகிற எல்லாப் புரோகிராம்களின் வொர்க்கிங் செட்டையும் கூட்டினால் அது ரேமுக்குள் அடங்க வேண்டும். கொஞ்சம் மீறினாலும் கணினி கொஞ்சமாக வேகம் குறையாது, ஒரேயடியாகச் சரிந்துவிடும். ஒரு பக்கத்தை உள்ளே கொண்டுவர இன்னொன்றை வெளியே தள்ளும். தள்ளிய பக்கமே அடுத்த நொடியில் வேண்டியிருக்கும். இந்த ஓயாத அலைச்சலுக்குத்தான் த்ராஷிங் என்று பெயர். உன் பாடப்புத்தகத்தில் இது ஒரு வரைபடமாக இருக்கும். உன் மேசையில் அது நிஜமாகவே நடந்துகொண்டிருக்கிறது.

உன் விஎம்முக்கு 3 ஜிபி கொடுத்து வைத்திருக்கிறாய். இருப்பது 4. அப்படியானால் விண்டோஸுக்கும் பிரவுசருக்கும் ஆன்டிவைரஸுக்கும் சேர்த்து மீதி 1 ஜிபி. விஎம் வேகமாக ஓட வேண்டும் என்ற ஆசையில்தான் கொடுத்திருப்பாய், எனக்குப் புரிகிறது. ஆனால் சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? விஎம் பயன்படுத்தும் ஒவ்வொரு பைட்டும் விண்டோஸின் கையிலிருந்து போவது. விண்டோஸுக்கே மூச்சு முட்டும்போது அது விஎம்மின் ரேமையே எடுத்து டிஸ்க்கில் போடப் பார்க்கும். அதே நேரம், விஎம்முக்குள் இருக்கும் லினக்ஸும் தனக்கு ரேம் குறைவது போலத் தெரிந்தால் தன் பங்குக்குச் சிலவற்றை டிஸ்க்கில் ஒதுக்கிய ஸ்வாப் பகுதிக்குத் தள்ளும். அது தள்ள நினைக்கும் பக்கத்தை விண்டோஸ் ஏற்கெனவே டிஸ்க்குக்கு அனுப்பியிருந்தால், ஸ்வாப்பில் எழுதுவதற்காகவே அதை மறுபடி டிஸ்க்கிலிருந்து படிக்க வேண்டும். ஒரே டிஸ்க்கில் இரண்டு பேரும் மாறி மாறி எழுதிப் படித்துக்கொண்டிருப்பார்கள்.

அதன் விலை எவ்வளவு தெரியுமா? ரேமிலிருந்து ஒரு தகவலை எடுக்க ஏறக்குறைய 100 நானோ நொடி ஆகும். ஹார்டு டிஸ்க்கின் தலை நகர்ந்து, தட்டு சுழன்று, அந்த இடம் வந்து சேர 10 மில்லி நொடிக்கு மேல் ஆகும். வித்தியாசம் லட்சம் மடங்கு. மவுஸ் நகராததற்கு உன் பிராசசரைத் திட்டினாய். அது பாவம், டிஸ்க்குக்காகக் காத்துக்கொண்டு சும்மா இருக்கிறது.

இதை நான் சொல்வதற்காக நம்பாதே, நீயே பார். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திற. டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றுகொண்டு பிராசசர் 20, 30 சதவீதத்தில் இருந்தால் நான் சொன்னதுதான் நடக்கிறது. விஎம்முக்குள் விஎம்ஸ்டாட் கட்டளையை ஒரு நொடி இடைவெளியில் ஓடவிடு. எஸ்ஐ, எஸ்ஓ என்ற இரண்டு பத்திகளும் பூஜ்யத்தில் இருக்க வேண்டும். அவற்றில் எண்கள் ஓடிக்கொண்டே இருந்தால் ஸ்வாப் நடக்கிறது. டபிள்யூஏ பத்தி உயர்ந்தால் டிஸ்க்குக்காகக் காத்திருப்பு. அளந்ததை நோட்டில் எழுதிக்கொள். எழுதினால்தான் மாற்றிய பிறகு ஒப்பிட முடியும். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்று. நான்கை ஒன்றாக மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாமலே போய்விடும்.

இனி செய்ய வேண்டியது. விஎம்முக்குக் கொடுத்ததைக் குறை. கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் 3 ஜிபி கொடுத்தபோது ஓடாத விஎம் 1 ஜிபியில் ஓடும், உள்ளே இருக்கும் சுமையையும் சேர்த்துக் குறைத்தால். நீ போட்டிருப்பது முழு உபுண்டு டெஸ்க்டாப். அதன் கினோம் திரை கிராஃபிக்ஸ் கார்டை நம்பி எழுதப்பட்டது. விஎம்மில் அந்த வசதி சரியாகக் கிடைக்காதபோது எல்எல்விஎம்பைப் என்ற மென்பொருள், திரையில் வரைகிற வேலை முழுவதையும் பிராசசரைக் கொண்டே செய்கிறது. ஜன்னலை நகர்த்தினால்கூட இரண்டு கோரும் வியர்க்கும். உன் பாடத்துக்கு அந்தத் திரை எதற்கு? திரையே இல்லாமல் டெபியன் போடு, சில நூறு எம்பி ரேமே அதற்கு அதிகம். விர்ச்சுவல்பாக்ஸில் ஜன்னல் இல்லாமல் பின்னணியில் ஓடவிடும் வசதி இருக்கிறது. அதில் ஓடவிட்டு, விண்டோஸிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே போ. சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனால் வாழ்நாள் முழுக்க அப்படித்தான் போகப் போகிறாய். கட்டாயம் திரை வேண்டும் என்றால் எக்ஸ்எஃப்சிஇ அல்லது எல்எக்ஸ்க்யூடி என்ற இலகுவான திரை போதும்.

விஎம்முக்கு 3 ஜிபியைத் தூக்கிக் கொடுத்த உன் லேப்டாப்பைப் போலவே, தனக்கென்று எதுவும் வைத்துக்கொள்ளாமல் எல்லாவற்றையும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, பிறகு மருந்துக்கும் அந்தப் பிள்ளைகளையே எதிர்பார்த்து நின்ற மனிதர்களை நான் நம் உறவிலேயே பார்த்திருக்கிறேன். கொடுத்தது அன்பால்தான், சந்தேகமில்லை. ஆனால் தாங்குகிறவர் தளர்ந்தால் தாங்கப்படுகிறவரும் சேர்ந்து விழுவார். நாளைக்கு நீ சம்பாதித்து நாலு பேரைத் தாங்கும் நிலைக்கு வருவாய். அப்போது முதல் பங்கு உன்னைத் தாங்கும் அளவுக்கு உனக்கே இருக்கட்டும். அதைத் தன்னலம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே.

பிராசசர் விஷயம் சுருக்கமானது. விஎம்மை ஓட்டுவதற்கென்றே இன்டெல் 2005-லும் ஏஎம்டி 2006-லும் தங்கள் பிராசசர்களுக்குள் தனி வசதியைக் கொண்டுவந்தன. இன்டெல்லில் அதற்கு விடி-எக்ஸ் என்றும் ஏஎம்டியில் ஏஎம்டி-வி என்றும் பெயர். உன் லேப்டாப்பில் அது இருந்தும் பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம். போய்ப் பார்த்து ஆன் செய். மலிவான பிராசசர்கள் சிலவற்றில் அந்த வசதியே கிடையாது. 2008 வாக்கில் குட்டி நெட்புக்குகளில் வந்த ஆட்டம் என்270 அப்படிப்பட்டது. அத்தகைய மெஷின் கையில் இருந்தால் விஎம்மோடு மல்லுக்கட்டாமல் வேறு வழிக்குப் போவதே மேல்.

விஎம் ஜன்னலின் கீழ்ப்பட்டையில் பச்சை நிற ஆமைப் படம் தெரிகிறதா என்றும் கவனி. தெரிந்தால், விண்டோஸின் ஹைப்பர்-வி ஏற்கெனவே அந்த வசதியைப் பிடித்து வைத்திருக்கிறது, விர்ச்சுவல்பாக்ஸ் அதன் மேல் ஏறி மெதுவாக ஓடுகிறது என்று அர்த்தம். ஹைப்பர்-வியை அணைக்கலாம். ஆனால் மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பும் அதை நம்பித்தான் நிற்கிறது. அணைப்பதற்கு முன் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டு அணை.

கோர் ஒன்று மட்டும் கொடு. இருக்கும் இரண்டையும் கொடுத்தால் விண்டோஸும் விஎம்மும் அதே இரண்டுக்கு அடித்துக்கொள்ளும். விஎம்முக்குள் ஒரு கோர் ஒரு பூட்டைப் பிடித்திருக்கும் நேரத்தில் விண்டோஸ் அதை நிறுத்திவிட்டால், இன்னொரு கோர் அந்தப் பூட்டுக்காக வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும். நெட்வொர்க் அடாப்டரில் வர்ட்டியோ-நெட் என்பதைத் தேர்ந்தெடு. விர்ச்சுவல்பாக்ஸ் பழைய நெட்வொர்க் கார்டு ஒன்றைப் போல நடிக்கும்போது, அதன் பதிவேட்டைத் தொடும் போதெல்லாம் விஎம் நின்று, கட்டுப்பாடு வெளியே போய்த் திரும்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கில் பிராசசர் சுழற்சிகள் வீண். ரஸ்டி ரஸ்ஸல் லினக்ஸுக்காக எழுதி 2008-ல் வந்த வர்ட்டியோ அந்த நடிப்பை விட்டுவிட்டது. விஎம்முக்கும் வெளியே இருக்கும் ஹோஸ்டுக்கும் பொதுவான ஒரு வரிசையில் வேலைகளைச் சேர்த்துவைத்து ஒரே தடவையில் சொல்கிறது. வலிமை குறைந்த பிராசசரில் இந்த மிச்சம் நன்றாகவே தெரியும்.

டிஸ்க்குக்கு வருகிறேன். இங்கேதான் நீ நிதானமாகப் படிக்க வேண்டும்.

எளியவற்றை முதலில் முடித்துவிடுவோம். விஎம்மின் டிஸ்க் ஃபைலை ஆன்டிவைரஸ் ஓயாமல் துருவாதபடி விலக்கு கொடு. எடுத்து எடுத்து வைத்திருக்கும் ஸ்நாப்ஷாட்டுகளில் தேவையில்லாதவற்றை நீக்கு. ஒவ்வொன்றும் ஒரு தனி ஃபைல், ஒரு தகவலைப் படிக்க அந்தச் சங்கிலி வழியாகத்தான் தேடிப் போக வேண்டும். டிஸ்க் ஃபைலைக் கொஞ்சம் கொஞ்சமாக வளரவிடாமல் முழு அளவையும் தொடக்கத்திலேயே ஒதுக்கினால், சுழலும் டிஸ்க்கில் அது சிதறுவது குறையும். இவ்வளவும் நல்லவை, கெடுதல் இல்லாதவை.

ஆனால் இணையத்தில் தேடினால் இன்னொரு யோசனையும் கிடைக்கும். ஒரு புரோகிராம் "இந்தத் தகவலை டிஸ்க்கில் பத்திரமாக எழுதிவிட்டு வந்து சொல்" என்று கேட்கும்போது, எழுதாமலே "எழுதியாயிற்று" என்று பதில் சொல்லும்படி அமைப்பது. கியூஎமு என்ற மென்பொருளில் இதற்கென்றே அன்சேஃப் என்ற பெயரில் ஒரு கேஷ் முறை இருக்கிறது. பெயரை ஒளிக்காமல் வைத்தவர்கள் நேர்மையானவர்கள். விர்ச்சுவல்பாக்ஸும் இயல்பாகவே, விஎம்முக்குள்ளிருந்து வரும் அந்தக் கோரிக்கையை வேகத்துக்காகக் கண்டுகொள்ளாமல் விடுகிறது. அதன் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது, மாற்றும் வழியும் அங்கேயே இருக்கிறது. இன்ஸ்டால் செய்யும் நேரத்திலோ, போனால் போகட்டும் என்ற சோதனை விஎம்மிலோ இந்த வேகத்தை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நீ டேட்டாபேஸ் பயிற்சி செய்கிறாய். புராஜெக்டும் அதே விஎம்மில் இருக்கிறது. உன் லேப்டாப் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று உனக்கே தெரியும். விடுதியில் கரண்ட் போய் லேப்டாப் அணைந்தால், எழுதியதாகச் சொல்லப்பட்டும் எழுதப்படாத தகவல் போய்விடும். சில சமயம் ஃபைல் சிஸ்டமே குலைந்துவிடும்.

கண்ணு, இந்த ஓர் இடத்தில் நான் கண்டிப்பாகப் பேசுகிறேன். ரேமைக் குறைப்பதும் திரையை எடுப்பதும் சிக்கனம். செய்யாததைச் செய்ததாகச் சொல்லி வாங்கும் வேகம் சிக்கனத்தில் சேராது. அது கடன், திருப்பிக் கேட்கும் நாளை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. வேலைக்குப் போகும்போதும் இதே சோதனை வரும். "டெஸ்ட் முடிந்ததா?" என்று மேலதிகாரி கேட்பார். முடிந்தது என்று சொல்லிவிட்டால் அன்றைய கூட்டம் சீக்கிரம் முடியும். பேக்கப் எடுத்ததாகச் சொல்லி எடுக்காமல் விட்டவர்களின் முகத்தை, அந்த பேக்கப் தேவைப்பட்ட நாளில் நான் பார்த்திருக்கிறேன். அந்த இடத்தில் உன்னை ஒருநாளும் பார்க்கக் கூடாது. மெதுவான டிஸ்க்கோடு பொறுமையாக இரு. "இன்னும் முடியவில்லை" என்று சொல்லப் பழகிக்கொள்.

சூட்டையும் பார். மெத்தை மேல் லேப்டாப்பை வைத்து ஓட்டுகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். அடிப்பக்கக் காற்றுவழி அடைத்துக்கொண்டால் பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மேசையில் வை. விசிறியில் தூசி அடைந்திருந்தால் தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய். விஎம் ஓட்டும்போது சார்ஜரைச் செருகி வை.

இத்தனைக்கும் முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: உனக்கு விஎம் வேண்டுமா? ஷெல் கட்டளைகள், சி புரோகிராம், பைத்தான் இவற்றுக்கு வேண்டியதில்லை. விண்டோஸ் 10-ல் 2016-ல் வந்த டபிள்யூஎஸ்எல் முதல் பதிப்பு, விஎம்மே இல்லாமல் லினக்ஸ் புரோகிராம்களின் அழைப்புகளை விண்டோஸுக்கு மொழிபெயர்த்துக் கொடுக்கிறது. ஓடும் புரோகிராம் எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவு ரேம்தான் போகும். இரண்டாவது பதிப்பு விஎம்மை வைத்து ஓடுவது. உன் 4 ஜிபிக்கு முதல் பதிப்பே பொருந்தும். கெர்னல் மாட்யூல் எழுதும் பாடமும், இரண்டு மூன்று மெஷின்களை இணைத்துப் பார்க்கும் நெட்வொர்க் பாடமும் வரும்போதுதான் விஎம் தேவைப்படும். டிஸ்க்கில் இடம் இருந்தால் லினக்ஸை நேரடியாகவே இன்ஸ்டால் செய்துகொள்ளலாம். அப்படிச் செய்தால் இசட்ரேமையும் போட்டுக்கொள். டிஸ்க்குக்குப் போக வேண்டிய பக்கங்களைச் சுருக்கி ரேமிலேயே ஓர் ஓரத்தில் வைக்கும் வசதி அது. கொஞ்சம் பிராசசர் வேலையைக் கொடுத்து நிறைய டிஸ்க் காத்திருப்பை மிச்சப்படுத்தும்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அளந்து பார்த்த பிறகு டிஸ்க்தான் தடை என்று உன் நோட்டே சொன்னால், ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி போடலாம். அதில் நகரும் தலை கிடையாது, மில்லி நொடிகளில் ஆன வேலை மைக்ரோ நொடிகளுக்கு வந்துவிடும். ரேமுக்கு இன்னொரு ஸ்லாட் காலியாக இருந்தால் 4 ஜிபி கூடப் போடலாம். இரண்டும் சேர்ந்தாலும் புது லேப்டாப்பின் விலையில் சிறு பங்குதான். இதற்கு அப்பா மறுப்புச் சொல்ல மாட்டான். அவனிடம் போகும்போது அளந்த எண்களோடு போ. என்ன தேவை, ஏன் தேவை என்று காட்டிக் கேட்கிறவரிடம் இல்லை என்று சொல்வது யாருக்கும் கஷ்டம்.

உன் விடுதியில் ஜூனியர் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களில் சிலர், அரசு கொடுத்த லேப்டாப்பைத்தான் அண்ணன், அக்காவிடமிருந்து வாங்கி வைத்திருப்பார்கள். தமிழ்நாட்டில் 2011-ல் தொடங்கிய திட்டம் அது. பல வீடுகளில் முதல் கணினியே அதுதான். அவர்களும் உன்னைப் போலவே கூச்சப்பட்டுக்கொண்டு கேட்காமல் இருப்பார்கள். உன் மெஷினை ஓடவைத்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பக்கத்தில் உட்கார். பயாஸில் விடி-எக்ஸைத் தேடி ஆன் செய்து கொடு. விஎம்ஸ்டாட் படிக்கச் சொல்லிக் கொடு. உன் நோட்டையும் அவர்களிடம் கொடுத்துவிடு.

உன் தாத்தா